பன்றிகள் படுக்காத மூலை

சிசெலைப் பற்றி எங்கள் பக்கத்தில் இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, அவள் பன்றிகளோடு படுக்கிறவள் என்பது. அது உண்மை. இன்னொன்று, எய்னாரின் மனைவியை இரண்டாவது முறை கொன்றவள் அவள்தான் என்பது. அப்படிச் சொல்கிறவன் என் எதிரில் சொல்லட்டும், பார்க்கிறேன். அன்றைக்கு அவளோடு அந்தக் கொட்டகைக்குள் நின்றவன் நான்.

கூட்டுறவுச் சங்கத்துக்குத் தீவன லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மேற்கு ஜட்லாந்தில் மனிதனைவிடப் பன்றி அதிகம், அதனால் எனக்கு வேலை குறைந்ததே இல்லை. சிசெலுக்கும் அப்படித்தான். நிலம் கிடையாது, புருஷன் கிடையாது. ஒரு மொபெட்டும் முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸும்தான் சொத்து. ஏதாவது பண்ணைக்காரனுக்குக் காய்ச்சல் என்றாலும், மகள் கல்யாணத்துக்கு வெளியூர் போகிறான் என்றாலும் அவளைக் கூப்பிடுவார்கள். அவன் திரும்பி வரும்வரை பன்றிகள் அவள் பொறுப்பு.

புதுக் கொட்டகைக்குள் போனால் முதல் காரியம், அடைப்புக்குள் இறங்குவாள். கன்னத்தை எச்சில் தொட்டு நனைத்துக்கொண்டு பன்றிகளுக்கு நடுவில் நீட்டிப் படுத்துவிடுவாள். முதல் தடவை பார்த்தபோது நான் தீவன மூட்டையைப் போட்டுவிட்டு அவளிடம் ஓடினேன்.

"செத்துட்டியோன்னு நெனச்சேன்!"

"சாகல. மூட்டைய எடுத்து ஒழுங்கா வை. நீ நிக்கிற உசரத்துலயாடா பன்னி மூச்சு விடுது? தரையில கெடந்து பாரு லௌரிட்ஸ். எங்க குளிர் இறங்குது, எங்க கண்ணு எரியுதுன்னு அப்பத் தெரியும்."

"பன்னி உன்னக் கட்டிக்கிறேன்னு சொல்லுச்சா?"

"உன்னவிட நல்ல வரன்தான். குடிக்காது."

அவள் சொன்னதெல்லாம் பலித்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு பண்ணையில் தேவையில்லாமல் ஜன்னலைத் திறக்கச் சொல்லி, குட்டிகளெல்லாம் இருமி, அந்த ஆள் வருஷக்கணக்கில் அவளோடு பேசவில்லை. ஆனால் பிடிவாதம் மட்டும் குறையவில்லை.

எய்னாரின் மனைவி மெட்டா, அவருடைய புதுக் கொட்டகையிலேயே செத்துப்போனாள். நல்ல பனிக்காலம். கடைசி அடைப்பின் மூலையில் விழுந்து கிடந்தாள். நெஞ்சுவலி என்றார் டாக்டர். புதைத்தோம், காபி குடித்தோம், கலைந்து போனோம். அதற்குப் பிறகுதான் ஊருக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. எய்னாரின் பன்றிகள் அந்த மூலைக்குப் போவதில்லையாம்.

நானும் பார்த்தேன். பன்றி சுத்தமான பிராணி. ஒரு பக்கம் படுக்கும், இன்னொரு பக்கம் கழிக்கும். அந்த மூலையில் அவை இரண்டையும் செய்யவில்லை. எதிர்ச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நெருக்கத்தில் ஒன்றின் வாலை ஒன்று கடித்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. மூலையில் துரும்பு கூட இல்லை. அங்கே ஒரு முக்காலி போட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, சட்டைக் காலரை மடித்துவிட்டுக்கொண்டு எய்னார் உட்கார்ந்திருந்தார். மத்தியானக் காபிக்குப் பிறகு தினமும் இதுதான் என்றார்கள்.

"இங்க உக்காந்து என்ன பண்றீங்க எய்னார்?"

"மெட்டா ஊதுறா."

"என்னது?"

"பின்கழுத்துல. சில்லுன்னு. சும்மா விளையாட்டுக்குப் பின்னால வந்து ஊதுவா, உனக்குத் தெரியாது. அதே ஊதல். பன்னிங்க கூட அவளுக்கு எடம் விட்டிருக்கு பாத்தியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு மூட்டைகளை வாசலிலேயே இறக்கிவிட்டு வந்தேன்.

அடுத்த பனிக்காலத்தில் அவருக்குத் தலைவலி, வாந்தி, ஓயாத இருமல். ஒரு நாள் முற்றத்துப் பனியில் சுருண்டு கிடந்தவரைத் தபால்காரர் பார்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சிசெலுக்கு ஆள் போனது.

நான் தீவனத்தோடு போனபோது அவள் கொட்டகைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அவள் வெளியே நின்று நான் பார்த்ததே இல்லை.

"கூட வா," என்றாள்.

"எனக்கு வேற பண்ணைக்குப் போகணும்."

"பயமா?"

"ஆமா, பயம்தான். உனக்கில்லையா?"

"இருக்கு. அதான் கூப்பிடுறேன். வா."

வெளிப்பக்கம் திறக்கிற கதவு அது. நான் இழுத்தேன், வரவில்லை. யாரோ உள்ளே நின்றுகொண்டு பிடியைப் பிடித்திருக்கிறார்கள் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து உள்ளே நுழைந்ததும், கை எடுப்பதற்குள் அது தானாகப் படாரென்று சாத்திக்கொண்டது.

பகல் வெளிச்சம் பாதி செத்திருந்தது. கூரையில் விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்குக் கீழே, தரையிலிருந்து, ஒரு முனகல். எதிர்ச் சுவரோரம் குவிந்து கிடந்த பன்றிகள் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தன. ஒன்றுகூட உறுமவில்லை. அழுகிய முட்டை நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஆனால் மூலையை நெருங்க நெருங்க நாற்றம் குறைந்துகொண்டே வந்தது. முக்காலியருகே போனபோது சுத்தமாக ஒன்றுமில்லை.

"வாடை போயிருச்சே," என்றேன். எனக்கு ஒரு ஆறுதல்.

அவள் கன்னத்தை நனைத்துக்கொண்டு படுத்தாள். கண்ணை மூடினாள். நான் காத்திருந்தேன்.

"சிசெல்?"

உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. குனிந்தேன். அப்போது என் பின்கழுத்தில் யாரோ ஊதினார்கள். மெதுவாக, ஈரமாக, சில்லென்று. திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

பேயோ பிசாசோ, நான் நின்று விசாரிக்கவில்லை. அவள் காலைப் பிடித்து இழுத்தேன். ஒரு பூட்ஸ் கையோடு வந்துவிட்டது. வெறுங்காலைப் பிடித்து இழுத்தேன். கதவைத் தோளால் முட்டி முட்டித் திறந்து இரண்டு பேரும் பனியில் போய் விழுந்தோம். வெகுநேரம் வாந்தி எடுத்தாள்.

"மெட்டாவப் பாத்தியா?" என்றேன்.

"வாடை போச்சுன்னு சொன்னியே. போகல. நம்ம மூக்குதான் செத்துப்போச்சு. கொஞ்ச நேரம் இருந்திருந்தா நாமளும்."

பனியில் மல்லாந்து கிடந்தபடி கூரையின் ஓரத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து ஏணியைக் கொண்டுவரச் சொன்னாள். கூரைக்குக் கீழே சுவர் நெடுகக் காற்று உள்ளே வருவதற்கென்று விட்ட திறப்புகள். அத்தனையும் அடைபட்டிருந்தன. அளவாக வெட்டிய சாக்கு, உள்ளே வைக்கோல், ஓரமெல்லாம் நீலக் கம்பளி நூலால் நெருக்கமான தையல். அந்தத் தையலைத் தெரியாதவர் எங்கள் தேவாலயத்தில் கிடையாது. பீடத்து விரிப்பு மெட்டாவின் கை தைத்ததுதான்.

ஏணியில் நின்றபடியே சிசெல் சொன்னாள். "விசிறி உள்ள இருக்கிற காத்த வெளிய தள்ளிக்கிட்டே இருக்கு. பதிலுக்கு எங்கிருந்தாவது வரணும்ல? இந்த வழிய அடைச்சா, சாணித் தொட்டியிலேருந்து வாய்க்கா வழியா உறிஞ்சும். வாய்க்கா அந்த மூலையிலதான் உள்ள வருது. தொட்டியில இருக்கிற விஷக் காத்தெல்லாம் அந்த வழியா சுவரோரம் ஏறிக் கழுத்துல ஊதுது. கதவப் புடிச்சதும், தரையில முனகினதும் அதே உறிஞ்சல்தான்."

"அப்ப மெட்டா செத்தது நெஞ்சுவலியில இல்ல..."

"வாயப் பொத்து."

அன்று எய்னாரின் சமையலறையில் கறுப்பு ரொட்டியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். அவர் வந்து அந்த முக்காலியில் உட்கார்ந்தால் சீக்கிரமே மெட்டா பக்கத்தில் இன்னொரு குழி தோண்ட வேண்டும். சாக்கை எடுத்தால் ஊதல் நின்றுவிடும். அவருக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். ஏன் நின்றது என்று கேட்டால் மெட்டாவின் கையைத்தான் காட்ட வேண்டும்.

"சொல்லாம விட்டுரு," என்றேன்.

"அவரு பன்னிக்காரரு, லௌரிட்ஸ். முட்டாள் இல்ல."

"அப்ப எடுக்காத."

"எடுத்தே ஆகணும்," என்றவள், முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. அழுகிறவளைத் தேற்றத் தெரியாதவனுக்கு அதுதானே வரும். மறுநாள் காலையில் அத்தனை சாக்கையும் பிடுங்கி வண்டிக் கொட்டிலில் அடுக்கினாள்.

எய்னாரை ஆஸ்பத்திரியிலிருந்து என் லாரியில்தான் கூட்டிவந்தேன். வீட்டுக்குள் போகவில்லை. கோட்டோடு நேராகக் கொட்டகைக்கு நடந்தார். கதவின் பிடியில் கை வைத்ததும் அது லேசாகத் திறந்துகொண்டது. அங்கேயே ஒரு கணம் நின்றுவிட்டார்.

உள்ளே பன்றிகள் கால் நீட்டிப் பக்கவாட்டில் தூங்கிக்கொண்டிருந்தன. அந்த மூலையிலும்தான். முக்காலியைச் சுற்றி இடமே இல்லை. அவர் ஒவ்வொன்றாக விலக்கிப் போய் உட்கார்ந்தார். காலரை மடித்துவிட்டுக்கொண்டார். சிசெல் வாசலருகே நின்றாள், நான் அவளுக்குப் பின்னால். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, சுவரின் மேலே வெளிச்சம் வருகிற திறப்புகளைப் பார்த்தார்.

"சாக்கெல்லாம் எங்க?"

"எடுத்துட்டேன்," என்றாள் சிசெல். "எலி கடிச்சு வெச்சிருந்துச்சு."

"உனக்குப் பொய் சொல்ல வராது, பொண்ணே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எய்னார் திறப்புகளைப் பார்த்தார், கூரை விசிறியைப் பார்த்தார், பிறகு காலடியில் வாய்க்காலின் திறப்பைப் பார்த்தார். அந்த வரிசையில் அவர் பார்த்ததைக் கண்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

"அவளுக்குத் தெரியாது எய்னார்," என்றாள் சிசெல். "பன்னிங்க குளிர்ல கஷ்டப்படுதேன்னு ஆசையா தச்சிருக்கா. யாருக்குமே தெரியாது."

"பன்னிக்காக இல்ல."

கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தைப் பொத்திக்கொண்டார்.

"புதுக் கொட்டகையில கழுத்துல காத்து அடிக்குதுன்னு, தெனம் நொய்யி நொய்யின்னு நான்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

ஒரு பன்றி எழுந்து அவருடைய பூட்ஸை மோந்து பார்த்தது. பிறகு அவர் காலடியிலேயே மறுபடி படுத்துக்கொண்டது.