மூடாத வட்டம்

என் மகள் படிக்கும் கல்லூரியின் பெண்கள் வாலிபால் அணிக்கு வரலாறு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் எழுதுகிறவள் என்பதால் அல்ல. பெற்றோர் ஒவ்வொருவரும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கோச் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். நான் வழக்கம்போல் தாமதமாகத் திறந்தேன். தண்ணீர் பாட்டில் வாங்குவது, ஆரஞ்சு நறுக்குவது, வாசலில் டிக்கெட் கிழிப்பது எல்லாம் போய்விட்டிருந்தன. வரலாறு மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. பந்திக்கு முந்தாதவளுக்கு இதுதான் கிடைக்கும்.

கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் இருக்கும் சின்னக் கல்லூரி அது. இரண்டு வருடப் படிப்பு, முழுப் பட்டம் கிடையாது. பக்கத்து ஊரான மில்பிடாஸில், இந்திய மளிகைக் கடையில் யாராவது "பொண்ணு எங்க படிக்கிறா?" என்று கேட்டால், நான் உடனே கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். எனக்கு மட்டும்தான் அந்த வெட்கம். மகள் அங்கே சந்தோஷமாக இருந்தாள், அதற்குக் காரணம் வாலிபால். அந்த அணியைத்தான் இந்த சீசனோடு மூடப் போகிறார்கள். பணம் இல்லையாம். ஆண்களின் ஃபுட்பால் அணிக்குப் புது ஹெல்மெட் வாங்க மட்டும் எங்கிருந்தோ வந்துவிட்டது. மூடுகிற அணிக்கு எதற்கு வரலாறு என்று கோச்சிடம் கேட்டேன். "மூடுவதால்தான்" என்றாள்.

அணியில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்குமுன் பெண்கள் கோர்ட்டின் நடுவில், பக்கத்திலிருப்பவளின் தோளில் கைபோட்டு வட்டமாக நிற்பார்கள். அந்த வட்டம் மூடாது. வாசலைப் பார்த்த பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கும். அதன் இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் யாருமில்லாத அந்த இடத்தில் கையை நீட்டியே வைத்திருப்பார்கள், அங்கே ஒரு தோள் இருப்பது போல. பிறகு ஒன்றாகக் கத்திவிட்டு, குனிந்து தரையைத் தொட்டுவிட்டு ஓடுவார்கள். முதல் மேட்சில்தான் இதைப் பார்த்தேன்.

காரில் வரும்போது மகளிடம், "இன்னிக்கு யாராச்சும் வரலையா?" என்று கேட்டேன். நான் பேசும் தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அது செத்துப்போன ஒரு பெண்ணின் இடம் என்றாள். ரொம்ப வருடங்களுக்கு முன்னால் மேட்சுக்கு வரும் வழியில் ஃப்ரீவேயில் கார் மோதி இறந்துவிட்டாளாம். பெயர் யாருக்கும் தெரியாது. புதிதாகச் சேருகிற பெண்ணுக்கு முதலில் சொல்லித் தருவதே அந்த இடத்தை மிதிக்கக் கூடாது என்பதைத்தானாம். ஆட்டம் இழுபறியாகி, சர்வ் தன் கைக்கு வந்து, பயமாக இருக்கும்போதெல்லாம் மனதுக்குள் அவளோடு பேசுவதாகவும் சொன்னாள்.

"செத்தவங்களோட என்னடி பேச்சு?" என்று அதட்டினேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அவள் நெற்றியில் திருநீறு பூசினேன்.

நான் பகலெல்லாம் கம்ப்யூட்டர் மென்பொருளில் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிறவள். பேய் பிசாசு என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் ஆட்டம் நடக்கும் அந்த ஜிம்மில் இருட்டே கிடையாது, எல்லா விளக்கும் பளீரென்று எரியும். அந்த வெளிச்சத்திலேயே அவள் எனக்குத் தெரிய ஆரம்பித்தாள். முகம் தெரியாது. கட்டிய தலைமுடியும் நிற்கிற விதமும் தெரியும். மகளின் ஆட்டத்தை விட்டுவிட்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் கடையில் பில் போட நின்றபோது எனக்கு முன்னால் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நின்றிருக்கிறேன். பின்னாலிருந்தவர் சத்தம் போட்ட பிறகுதான் உறைத்தது.

பெயராவது தெரிந்தால் இது தொலையும் என்று நினைத்தேன். அணியை ஆரம்பித்த பழைய கோச் டெக்சஸில், இர்விங்கில், தன் மகன் வீட்டில் இருக்கிறார் என்று கண்டுபிடித்து ஃபோன் செய்தேன். வயதானாலும் கணீரென்ற குரல். ஆரம்பத்தில் பெண்களுக்கு யூனிஃபார்ம் கூடக் கிடையாதாம். ஆண்களின் பாஸ்கெட்பால் அணி கழித்துப் போட்ட பனியன்கள்தானாம். ஆண்கள் ஆடி முடித்துப் போன பிறகுதான் ஜிம் கிடைக்குமாம். வெளியூர் மேட்சுக்குத் தன் சொந்த வேனில் எல்லாரையும் அடைத்துக்கொண்டு இவரே ஓட்டிப் போவாராம். நான் எழுதி எழுதிக் கை வலித்தது. கடைசியில், வட்டத்தில் இடம் விடுகிறார்களே, அந்தச் செத்துப்போன பெண்ணைப் பற்றிக் கேட்டேன்.

"இறந்துவிட்டாளா? எப்போது?" என்றார். அந்தக் கணீர்க் குரல் உடைந்துவிட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பெண்கள் சொல்லும் கதையைச் சொன்னேன். அவர் மூச்சு விட்டார். அவள் சாகவில்லை என்றார். பயிற்சி தொடங்க வட்டமாக நின்றுகொண்டிருந்தபோது அவள் அப்பா ஜிம்முக்குள் வந்தார். கல்லூரிப் பத்திரிகையில், கால் தெரிய அரைக்கால் சட்டையோடு அவள் பந்தடிக்கும் படத்தைப் பார்த்திருந்தார். சத்தம் போடவில்லை. அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் அவள் திரும்பி, "நான் வந்துவிடுவேன், வட்டத்தை மூடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வரவில்லை. அடுத்த பருவத்தில் கல்லூரியையே மாற்றிவிட்டார்கள். மற்றப் பெண்கள் மூடவில்லை. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் மூடவில்லை. காரணம் மறந்துபோன பிறகு, யாரோ ஒருத்தி அவளைக் கொன்றுவிட்டாள்.

"உங்கள் தமிழ்ப் பெண்தான். உனக்குத் தெரிந்திருக்குமே?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கே தமிழர்கள் எல்லாரும் ஒரே வீட்டிலா குடியிருக்கிறோம்? வெடுக்கென்று தெரியாது என்றேன். ஜிம் வராண்டாவில் மாட்டியிருக்கும் பழைய அணிப் படத்தில், பின்வரிசையில் கடைசியில் நிற்கிறாள் என்றார். மறுநாள் போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்தேன். எனக்கு அவளை நன்றாகத் தெரியும்.

என் மகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர், பல் மருத்துவர். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் யாராவது பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். மகளின் வாலிபாலைப் பற்றி எத்தனை தடவை அவரிடம் அளந்திருக்கிறேன்! தானும் ஆடியதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. "முழங்காலைக் கவனமாப் பாக்கச் சொல்லுங்கோ" என்பார், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். தேநீர் கொடுத்தார். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு, எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நான் செத்துப்போனன் எண்டோ சொல்லுகினம்?" என்றார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "எப்பிடிச் செத்தனாம் நான்?"

"கார் ஆக்சிடென்ட், அக்கா. ஃப்ரீவேல. மேட்சுக்கு வர்ற வழியில."

சிரிப்பு நின்றது. "மேட்சுக்கு வாற வழியிலயோ? அப்ப நான் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறன்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அவர் அப்பாவின் மேல் எனக்கு வந்த கோபத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அப்பாவைப் பிழை சொல்லாதேங்கோ," என்றார். "எங்களை உயிரோட கொண்டுவந்து சேத்த மனுசன். வாசல் தாண்டினாலே எங்களுக்கு என்ன நடக்குமோ எண்டு அவருக்குப் பயம். அந்தப் பயம் அவரை விட்டுப் போகேல்லை." பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்: "இப்பவும் விடுகினமோ? அந்த இடத்தை?"

"இன்னும் ஒரே ஒரு மேட்ச்தான்க்கா இருக்கு. அதுக்கப்புறம் டீமே இல்ல. வந்து நில்லுங்க. உங்க இடம்தானே."

வரலாற்றில் தன் பெயரைப் போடக் கூடாது, பிள்ளைகளிடமும் மூச்சு விடக் கூடாது என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மகளிடம் சொல்லத் தொடங்கிய ஒவ்வொரு முறையும் நானும் தயங்கினேன். பயம் வரும்போது அவள் பேசுகிற ஆளை அவளிடமிருந்து எப்படிப் பிடுங்குவது?

கடைசி மேட்சுக்கு வந்தார். கறுப்புக் கால்சட்டை, வெள்ளை ஷூ, தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தார். அத்தனை நாளாய் அந்த வெற்று இடத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது இதே தலைமுடியைத்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டே இருந்தார். முன்னாள் விளையாட்டுக்காரர்கள் எல்லாரும் கீழே வந்து வட்டத்தில் சேர்ந்துகொள்ளுங்கள் என்று மைக்கில் அழைத்தார்கள். பல வயதுப் பெண்கள் எழுந்து போனார்கள். இவர் காலத்து ஆட்கள் யாரும் வரவில்லை. நான் அவர் முழங்கையை இடித்தேன். எழுந்தார்.

வட்டம் பெரிதாக விரிந்தது. வாசல் பக்கம் அந்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. அதன் ஒரு பக்கம் என் மகள், ஒன்றுமில்லாத காற்றில் கை நீட்டி நின்றாள். அக்கா கோர்ட்டைத் தாண்டி நேராக நடந்தார். தயக்கமே இல்லை. அவர் கால் அந்த இடத்தில் படப் போன நேரத்தில் என் மகள் பதறிப்போய்த் திரும்பினாள். வீட்டில் தமிழில் ஒரு வார்த்தை பதில் சொல்லாத பெண், தனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவரிடம், மரியாதையாக, தெளிவாக, தமிழில் சொன்னாள்.

"ஆன்ட்டி, ப்ளீஸ், அங்க நிக்காதீங்க. அது ஒருத்தங்களோட இடம்."

நான் எழுந்துவிட்டேன். ஒரு வார்த்தை கத்தினால் போதும். அக்கா திரும்பி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

"மன்னிச்சுக்கொள் பிள்ளை, எனக்குத் தெரியேல்லை," என்று என் மகளிடம் சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

அவர்கள் கத்தினார்கள், தரையைத் தொட்டார்கள், கலைந்தார்கள். அக்கா படியேறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஏன்க்கா? நீங்கதான்னு சொல்லியிருந்தா வழி விட்டிருப்பாளே! இனிமே எங்க போய் நிப்பீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கோர்ட்டின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போய் நிண்டா," என்றார், "வந்துகொண்டிருக்கிற அந்தப் பிள்ளை எங்க போகும்?"