பூட்டு வைத்த கம்ப்யூட்டர் பெட்டி

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர் என் வீட்டுக்காரர். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் ஒரு கைப்பிடி முத்துகூடப் பொறுக்கியதில்லை. சாப்பாடு எப்படி என்று கேட்டால் "ம்." சினிமா எப்படி என்று கேட்டால் "ம்." வீடு பற்றி எரிகிறது என்றாலும் முதலில் "ம்" சொல்லிவிட்டுத்தான் வாளியைத் தேடுவார்.

வேலை பீரோ கம்பெனியில். இரும்புத் தகட்டை வெட்டி, மடித்து, பற்றவைத்து, கதவு மாட்டுவது வரை எல்லாம் தெரியும். தெருவில் அவருக்குப் பெயரே பீரோ. "பீரோ இருக்காரா?" என்று கேட்டபடிதான் வாசலில் வந்து நிற்பார்கள். ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது கோபம் வந்தால் நானே அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

நான் வீட்டிலிருந்தபடியே ஒரு அச்சகத்துக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் வைக்க இடம் சமையலறைக் கதவை ஒட்டித்தான் கிடைத்தது. அடுப்புப் பிசுக்கும் தெருப் புழுதியும் அதற்குள்தான் போய்ச் சேரும். ஒரு விடுமுறை நாளில் தூசு தட்டலாம் என்று அவர் அதைத் திறந்தார். ஆளுக்கொரு திசையில் உருண்ட திருகாணிகளை நான் கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டிருந்தபோது, உள்ளே கைவிட்டவரின் விரலைத் தகடு கிழித்துவிட்டது. ரத்தம் சொட்டுகிறது. மனிதர் விரலைப் பார்க்கவில்லை, தகட்டைப் பார்க்கிறார்.

"ஓரத்த மடிக்காமலே விட்டிருக்கான்."

"மொதல்ல போய்க் கையக் கழுவுங்க."

"ஒரு மடிப்பு போட எவ்வளவு நேரமாகும்? அதக்கூடச் செய்யல பாரேன்."

ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. வாசலில் வந்து யாரோ திட்டிவிட்டுப் போனதுபோல் அன்று முழுக்க முகம் கடுத்துக் கிடந்தது.

முதலாளியிடம் கேட்டு மிச்சத் தகடுகளை எடுத்து, வேலை முடிந்தபின் கம்பெனியிலேயே இருந்து, ஒரு பெட்டி செய்து கொண்டுவந்தார். திருகாணியே கிடையாது. பக்கவாட்டில் ஒரு கதவு. கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும். உள்ளே மதர்போர்டு உட்காரும் தட்டை இழுத்தால் மேசை இழுப்பறைபோல் முழுதாக வெளியே வரும். அடியில் ஒரு தூசு வலை, கழற்றிக் குழாயடியில் காட்டிக் கழுவிக்கொள்ளலாம். எந்த ஓரத்தில் விரலை ஓட்டினாலும் வழவழவென்று இருந்தது. எல்லாம் சரி, கதவில் ஒரு பூட்டு. இரண்டு சாவி.

"கம்ப்யூட்டருக்கு எதுக்குங்க பூட்டு?"

"கதவு இருக்கே" என்றார்.

காலமெல்லாம் பீரோ செய்த கை, பூட்டில்லாமல் ஒரு கதவைச் செய்ய அதற்குத் தெரியவில்லை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் அன்று முதல் அந்தப் பெட்டியில்தான் என் வேலை. சத்தம் போடாமல், சூடேறாமல், பாதியில் நின்று என் உயிரை வாங்காமல் அது பாட்டுக்கு ஓடியது.

இதற்கிடையில் கம்பெனியில் வேலை குறைந்துகொண்டே வந்தது. சுவரோடு சேர்த்து மர அலமாரி அடிக்கும் காலத்தில் இரும்பு பீரோவை யார் சீந்துகிறார்கள்? வாரத்தில் பாதி நாள் "வீட்டுல இருங்க" என்றார் முதலாளி. ஒரு ஏஜென்ட் மூலமாக வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றில் இடம் வந்தது. இரண்டு வருட ஒப்பந்தம், நடுவில் லீவு கிடையாது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"ரெண்டு வருஷம்தானே" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். அவர் போய்விட்டால் நானும் அந்தப் பெட்டியும்தான் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த மனிதர் ஏதோ கடைத்தெரு வரைக்கும் போய்வருகிறமாதிரி பேசுகிறாரே என்று ஆத்திரமாக வந்தது. சோற்றைப் போட்ட வேகத்தில் கரண்டி தட்டில் மோதியது.

கீழ்த்தளத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர்தான் வழி சொன்னார். தன் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் என்னுடையதில் வேலை பார்க்க மேலே ஏறி வருவார்.

"இந்தப் பெட்டிய இன்டர்நெட்ல போடுங்க. கிரவுட் ஃபண்டிங்னு ஒண்ணு இருக்கு. வேணும்கிறவங்க முன்னாடியே பணம் கட்டுவாங்க. நீங்க சொன்ன எண்ணிக்கை சேர்ந்தா செஞ்சு கொடுக்கணும். சேரலேன்னா அவங்கவங்க பணம் அவங்கவங்களுக்கே போயிடும். யாருக்கும் நஷ்டமில்ல."

முதலாளியிடம் போய்ச் சொன்னோம். நூற்றைம்பது பெட்டிக்கு ஆர்டர் வந்தால் தகடு மடிக்க அச்சு செய்து, ஒரு மெஷினையும் ஒதுக்கித் தருகிறேன், வேலையும் நிரந்தரம் என்றார். வராவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றும் சொன்னார். ஏஜென்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின நாளையே கெடுவாக வைத்து, ஸ்டுடியோக்காரர் இணையத்தில் பக்கத்தைத் திறந்துவிட்டார். நூற்றைம்பது வந்தால் இவர் இங்கே, வராவிட்டால் விமானத்தில். அவ்வளவுதான் கணக்கு.

அந்தப் பக்கத்துக்குப் படம் எடுத்த வாரம் பார்த்து இவருக்குக் காய்ச்சல். ஷேவ் செய்யாத முகத்தோடு, கண் உள்ளே போய், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதோடு இவர் சும்மா இருந்திருக்கலாம். சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அந்த லிங்கைப் போட்டு, மேலே தன் கையால் இரண்டு வரி எழுதினார். "என்னால தனியா முடியல. நீங்கல்லாம் கை கொடுத்தா பொழச்சுக்குவேன்."

மறுநாள் விடிந்தது முதல் ஆர்டர் கொட்டியது. சாயங்காலத்துக்குள் எண்பதைத் தாண்டிவிட்டது. இத்தனை பேர் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் தோன்றியது. சந்தோஷத்தில் அந்த யோசனையை அப்படியே விழுங்கிவிட்டேன். பணம் கட்டியவர்கள் வாழ்த்து வேறு எழுதியிருந்தார்கள். "தைரியமா இருங்க." "சீக்கிரம் எழுந்து வரணும்." தொழிலில் எழுந்து வரச் சொல்கிறார்கள் என்று நாங்கள் இருவரும் உருகிப்போனோம்.

இரண்டு நாள் கழித்து, இவருடைய சித்தி வந்தார். நான் சின்னத்தை என்று கூப்பிடுவேன். ஒரு கையில் ஆப்பிள் பை, ஒரு கையில் கஞ்சி ஃபிளாஸ்க், கண்ணெல்லாம் சிவப்பு. இவர் அப்போது ஸ்டூல்மேல் ஏறி நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

"டேய், எறங்குடா. யார்டா உன்ன எழுந்திருக்கச் சொன்னது?"

"எனக்கென்ன சித்தி?"

"என்கிட்டயே மறைக்கிறியா? ஒண்ணா, ரெண்டுமா?"

"எது?"

"கிட்னிடா."

எனக்கு மண்டையில் அடித்தமாதிரி ஆனது. போனைப் பிடுங்கி அந்தக் குழுவைப் பார்த்தேன். லிங்கோடு வரும் சின்னப் படத்தில் பெட்டியை வெட்டிவிட்டு இவர் முகம் மட்டும்தான் இருந்தது. இப்படி ஒரு லிங்க் வந்தால் அது ஆபரேஷனுக்குத்தான் என்று எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் பழக்கம். உள்ளே போய் ஒருவரும் படிக்கவில்லை, நேராகப் பணத்தைக் கட்டிவிட்டார்கள். கிட்னி என்பது யாரோ ஒரு புண்ணியவானின் சொந்தச் சரக்கு.

சின்னத்தை விஷயம் புரிந்ததும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "பாவி, நான் மூணு நாளா தூங்கல" என்று சொல்லி, ஃபிளாஸ்க்கைத் திறந்து கஞ்சியைத் தானே குடித்தார்.

சின்னத்தை போனபின் எங்களுக்குள் சண்டை. இவர் எல்லோருக்கும் உண்மையை எழுதப்போகிறேன் என்றார்.

"எழுதாதீங்க. ஏமாத்தவா செய்றோம்? கட்டின பணத்துக்கு ஆளுக்கொரு பெட்டி போகப்போகுது. அத வெச்சு அவங்க என்னவோ பண்ணிக்கட்டும்."

"அவங்க என் உசுருக்குக் கொடுத்தாங்க. பெட்டிக்கு இல்ல."

"அப்போ ஏஜென்டுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

அவர் போனைக் கையில் எடுத்தார். நான் கத்தினேன், கெஞ்சினேன், கடைசியில் "என்ன விட்டுட்டுப் போறதுன்னா உங்களுக்கு அவ்வளவு ஆசையா?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் குனிந்த தலை நிமிராமல் போனில் எழுத்தெழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நான் கேட்டது கம்ப்யூட்டர் பெட்டி செய்யறதுக்கு. தப்பா நெனச்சுக் கொடுத்தவங்க திரும்ப எடுத்துக்கோங்க. மன்னிக்கணும்."

எடுத்துக்கொண்டார்கள். சிலர் சிரித்துவிட்டு, சிலர் திட்டிவிட்டு. எண்ணிக்கை சரிந்து முப்பத்தாறில் வந்து நின்றது. இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததா என்றுகூடச் சந்தேகம்தான்.

ஆனால் நோயாளியைப் பார்க்கப் போவதென்று முடிவு செய்த சொந்தக்காரர்களை யாராலும் நிறுத்த முடியாது. டிக்கெட் எடுத்தாயிற்று, லீவு சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைந்துவிட்டது. என் தாய்மாமா செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"கல்லு மாதிரி நிக்கிற ஆளப் பாக்க ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். எங்க, மாப்பிள்ள, அந்தப் பெட்டி? அதையாவது பாத்துட்டுப் போறேன்."

இவர் பெட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோடு சுவராக நின்றார். பேச வேண்டிய நேரத்தில் இப்படி நின்றால் நான் என்ன செய்ய? கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு நானே முன்னால் வந்தேன். கதவைத் திறந்தேன், தட்டை இழுத்தேன், வலையைக் கழற்றிக் குழாயடியில் கழுவிக் காட்டினேன். "எங்க வேணும்னாலும் கைய விட்டுப் பாருங்க" என்றேன். ஆளாளுக்கு விட்டுப் பார்த்தார்கள்.

மாமா கம்ப்யூட்டர் பயிற்சி மையம் நடத்துகிறவர். சாவியை வாங்கிப் பூட்டினார். திறந்தார். மறுபடி பூட்டினார்.

"மாப்பிள்ள, இந்தப் பூட்டு யாரோட யோசனை?"

"பீரோவுக்கு இருக்குமே மாமா."

"எங்க சென்டர்ல மெமரிய எவனோ கழட்டிட்டுப் போயிடறான். பூட்டு வெச்ச பெட்டி எங்கயும் கண்ணுல படல. தூசு தட்டணும்னா ஒரு நாள் கிளாஸ் போயிடுது. எனக்குப் பன்னெண்டு போடுங்க."

"பாவம் பார்த்துச் சொல்லாதீங்க மாமா" என்றார் இவர்.

"பாவம் பார்க்க உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே. வேணும்னுதான் கேக்கறேன்."

சொன்னதோடு நிற்காமல் தன்னைப்போல் மையம் நடத்துகிறவர்களின் குழுவிலும் எழுதினார். ஸ்டுடியோக்காரர் அன்று எடுத்த வீடியோவையும் இணையப் பக்கத்தில் ஏற்றினார். அதில் சின்னத்தை தட்டை இழுத்து இழுத்துத் தள்ளி, "ஏண்டா, இதுல புடவை வெக்க முடியாதா?" என்று கேட்பது வரும். அதைப் பார்த்துச் சிரிக்க வந்த முகம் தெரியாத மனிதர்கள், பெட்டியையும் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்தார்கள். நாலு, ஐந்து, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பதினெட்டு என்று எண்ணிக்கை ஊர்ந்து ஏறியது.

கடைசி நாள் மதியம் ஏழு குறைந்தது. சின்னத்தை காலையிலேயே வந்து சமையலறையைக் கைப்பற்றிக்கொண்டார். நான் திரையைவிட்டு நகரவில்லை. இவர் எப்போதும்போல் கல்லாக உட்கார்ந்திருந்தார். எங்கிருந்தோ ஒரு கிளினிக் எட்டு கேட்டது. நூற்றைம்பத்தொன்று.

இவர் எழுந்து ஏஜென்டுக்குப் போன் போட்டார். "நான் வரலீங்க. இங்கயே வேலை இருக்கு" என்றார். அவ்வளவுதான். போனை மேசையில் வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார்.

முகம் கழுவுகிறார் என்று நினைத்தேன். குழாய் திறந்த சத்தமே வரவில்லை. போய்ப் பார்த்தால், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறார். தோள் குலுங்குகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"என்னங்க இது. ரெண்டு வருஷம்தானேன்னு சொன்னீங்க."

"நானும் பயந்தா நீ எப்படித் தாங்குவ?" என்றார். "அங்க போயிருந்தா நான் பொழச்சிருக்க மாட்டேம்மா."

இத்தனை நாளும் பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்து இந்த மனிதரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது. உள்ளே சின்னத்தை பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது.

"மூஞ்சியத் தொடச்சுக்கோங்க" என்று முந்தானையைக் கொடுத்தேன். "உங்க சித்தி பாத்தா திரும்பவும் ஆப்பிள் வாங்கிட்டு வந்துடுவாங்க."