யாருக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்

என் அண்ணன் கிங்ஸ்லிக்கு நாற்பத்தொரு வயது. கனகம்மாசத்திரத்தில், திருப்பதி ரோட்டோரம், ஜல்லி லாரிகளுக்கு எடை போடும் மேடையில் வேலை. திருத்தணி வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவார். லாரி வராத நேரத்தில் பாட்டு எழுதி, போனிலேயே பாடி, நெட்டில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நான் கீபோர்டு வாசிப்பேன், அவர் கொயரில் பாடுவார். குழம்பில் உப்பில்லை என்றுகூடச் சொல்லத் தெரியாத மனிதர். பாடும்போது மட்டும் அந்த வாய்க்குப் பயமே கிடையாது.

அவருடைய காதல் பாட்டுகள் மொத்தம் ஏழு. ஏழும் ஓர் ஆணுக்குப் பாடியவை. பூடகமெல்லாம் இல்லை. சவரம் செய்யாத தாடை வரும், கிரீஸ் படிந்த கை வரும். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் சைமன். எங்கள் கொயரிலேயே பாடுகிறவர், அரக்கோணத்தில் ரயில்வே வேலை, வயதான அம்மாவோடு இருக்கிறார். பன்னிரண்டு வருஷப் பழக்கம். அவர்கள் இருவரையும் விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன வருஷம் அதில் ஒரு பாட்டு திடீரென்று பரவியது. சென்னையிலிருந்து ஒரு சினிமா சேனல் வந்து பேட்டி எடுத்தது. 'பெண் மனசுக்குள் புகுந்து எழுதிய ஆண்' என்று தலைப்பு வைத்தார்கள். "இல்லீங்க, அது நான் நானாவே பாடறது" என்று அண்ணன் இரண்டு தடவை சொன்னதை வெட்டி எறிந்துவிட்டார்கள். ஆஹா, என்ன கண்டுபிடிப்பு! ஆண் ஆணை நினைத்துப் பாடலாம் என்பதை ஒப்புக்கொள்வதற்கு, அவரைப் பெண்ணாக்கி விடுவது சுலபமாக இருந்திருக்கிறது.

அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "என் பாட்ட எங்கிட்டருந்தே புடுங்கிக்கினாங்க ப்ளெஸ்ஸி" என்றார்.

அந்தக் கோபத்தில்தான் அடுத்து வந்தவர்களை நம்பினோம். அது இளைஞர்கள் நடத்தும் இசைச் சேனல், தைரியமாகப் பேசுவார்கள் என்று பெயர் வாங்கியது. பேட்டி எடுத்த பெண் பிரியங்கா. அண்ணன் அவளிடம் நேராகச் சொன்னார்: "ஆங், எல்லாமே ஒரு ஆம்பளைக்குப் பாடினது. அத அப்படியே போடுங்க. யாருக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

"பிராமிஸ்ணா, கேக்க மாட்டோம்" என்றாள் அவள். கேட்கவும் இல்லை. ஆனால் பாட்டைப் பற்றியும் கேட்கவில்லை. மெட்டு எப்படி வந்தது, எங்கே உட்கார்ந்து எழுதினீர்கள், ஒன்றும் கிடையாது. அப்பா அடித்தாரா, சாக நினைத்தீர்களா, அழுதீர்களா, இதுதான் சுற்றிச் சுற்றி. அவர் அழவில்லை என்பதில் அவளுக்கு ஏமாற்றம்.

அப்போது நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். அவர் பாடுகிற மனிதர் என்பதாவது தெரியட்டுமே என்று, சனிக்கிழமை சாயங்காலம் கொயர் பயிற்சிக்கு அவர்களை அழைத்தேன். என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் கொயருக்குக் கையசைத்து நடத்த ஆள் கிடையாது. சைமன் தலையைத் தூக்கி மூச்சை இழுப்பார். அதைப் பார்த்து நாங்கள் பாட்டை எடுப்போம். ஒவ்வொரு சரணத்துக்கும் எல்லாருடைய கண்ணும் அவர் முகத்தில்தான் இருக்கும். கொயரிலேயே மூத்த கிழவர் ஜீவரத்தினம்கூட அப்படித்தான் பார்ப்பார். கேமராவுக்கு அது தெரியுமா? அண்ணன் சைமனைப் பார்ப்பதை மட்டும் எடுத்து, மெதுவாக ஓட்டி, வயலின் போட்டு, வீடியோவின் முகப்பில் ஒட்டிவிட்டார்கள். தப்பான சாட்சியை வைத்துக்கொண்டு உண்மையைப் பிடித்துவிட்டார்கள்.

மறுநாளே வீடியோவைப் பார்த்தவர்கள் கீழே எழுத ஆரம்பித்தார்கள், அந்தப் பக்கத்தில் நிற்பவன்தான் ஆள் என்று. பிரியங்காவுக்குப் போன் செய்து கத்தினேன். "நாங்க பேர் எதுவும் சொல்லலயேக்கா" என்றாள். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டாளாம்.

சைமனின் அம்மாவுக்கு யாரோ போனில் காட்டிவிட்டார்கள். சைமன் சர்ச்சுக்கு வருவதை நிறுத்தினார், அண்ணனின் போனையும் எடுக்கவில்லை. சபைக் கமிட்டி இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்கப் போவதாகச் செய்தி வந்தது. அன்று சைமனிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ்: 'எங்கம்மா செத்துடுவாங்க. ஏதாவது பண்ணு.'

"எல்லாருமே அவர் மூஞ்சியத்தானே பாக்கறோம், நான் கமிட்டியில சொல்றேண்ணா" என்றேன்.

"அது பத்தாதுமா" என்றார் அண்ணன். "நான் பாட்டு யாருக்கோ பாடினேன்ற வரைக்கும் அது யாருன்னு தேடிக்கினுதான் இருப்பானுங்க."

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் ஆயரிடம் அனுமதி கேட்டு, சபைக்கு முன்னால் போய் நின்றார். எங்கள் சபையில் தப்பு செய்தவர்கள் அப்படி நின்று மன்னிப்புக் கேட்பது வழக்கம். எடைமேடைச் சட்டைதான் போட்டிருந்தார்.

"அந்தப் பாட்டுங்க யாருக்கும் பாடினது இல்ல. பொண்ணு பாடற மாதிரி சும்மா எழுதினேன். பேர் கெடைக்கும்னு பேட்டியில பொய் சொன்னேன். சபை என்னை மன்னிக்கணும்."

எந்தப் 'பெண் மனசை' இல்லையென்று நிரூபிக்கப் பிரியங்காவுக்குக் கதவைத் திறந்தாரோ, அதையே தன் வாயால் சொன்னார். யாரோ அதைப் போனில் எடுத்து நெட்டில் போட, அந்தச் சினிமா சேனல் அடுத்த நாளே 'நாங்கள் அன்றே சொன்னோம்' என்று போட்டது. இன்னொரு சேனல் 'விளம்பரத்துக்காக வேஷம்' என்றது. ஏழு பாட்டையும் அண்ணனே அழித்தார்.

அதற்கடுத்த ஞாயிறு சைமன் அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். ஆராதனை முடிந்து எல்லாரும் வேப்பமரத்தடியில் நின்றிருந்தபோது நேராக அண்ணனிடம் வந்து, எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னார்:

"ஏன் கிங்ஸ்லி, பேர் வாங்கறதுக்கு இப்படியா பொய் சொல்லுவ?"

சைமனின் அம்மா மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன், "தப்புதான் சைமன்" என்றார்.