கணினிக்குள் கதைத்துப் பழகிய யோகா அக்கா

வகுப்பில் சேர்ந்த முதல் வாரம் முழுக்க யோகா அக்கா வாயைத் திறக்கவில்லை. வெள்ளவத்தையில், காலி வீதியோரத்து மாடியொன்றில் நான் ஸ்போக்கன் இங்கிலிஷ் படிப்பித்த காலம் அது. போர் நடந்துகொண்டிருந்தது. யோகா அக்கா யாழ்ப்பாணத்தில் வங்கியில் வேலை செய்தவர். இடம்பெயர்ந்து வந்து கொழும்பில் வேலை தேடிக்கொண்டிருந்தார். இங்கிலிஷில் பிழையில்லாமல் எழுதுவார். நேர்முகப் பரீட்சை என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டு வேலைகள் அப்படியே கைவிட்டுப் போயிருந்தன.

"எல்லாரும் என்ர முகத்தைப் பாக்கினம் மிஸ். அதுதான் கதைக்க வருகுதில்லை."

முகம்தான் பிரச்சினை என்றால் முகம் தெரியாத இடத்துக்குப் போகலாமே என்று நினைத்தேன். இன்டர்நெட்டில் அப்போது வந்திருந்த விர்ச்சுவல் உலகம் ஒன்றில் அவருக்கு ஓர் உருவம் செய்து கொடுத்தேன். கீபோர்டைத் தட்டினால் அது நடக்கும். மைக்கில் பேசினால் அங்கே நிற்பவர்களுக்குக் கேட்கும். முதல் நாளே அக்கா அதை நேரே கடலுக்குள் நடத்திவிட்டார்.

"ஐயோ மிஸ், நான் தாண்டுபோனன்!"

மூழ்கிப்போனாராம். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அந்த உலகத்துத் தேநீர்க் கடையில் துருக்கிக்காரர் ஒருவர் பழக்கமானார். அவரும் இங்கிலிஷ் பழக வந்தவர்தான். "யெஸ்டர்டே ஐ கோ மார்க்கெட்" என்று கூச்சமே இல்லாமல் பேசுவார்.

"இந்த மனுசன் பிழை பிழையாக் கதைக்குது. ஆனா எனக்கு எல்லாம் விளங்குது மிஸ்!" என்றார் அக்கா. அதன்பிறகு அவரிடமிருந்து மைக்கை வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது.

ஒரு பின்னேரம் பொலிஸ் சோதனைக்கு வந்தது. எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி, ஸ்பீக்கரில் துருக்கிக்காரரின் குரல் கேட்டுத் திரும்பினார்.

"மே கவுத?"

யார் இது என்று கேட்கிறார். பயத்தில் எனக்குச் சிங்களமும் வரவில்லை, இங்கிலிஷும் வரவில்லை. யோகா அக்காதான் எழுந்தார்.

"சேர், திஸ் இஸ் எ கிளாஸ். ஹீ இஸ் எ ஸ்டுடன்ட், லைக் மீ. கம் அண்ட் ஸீ."

குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. உருவத்தை ஒரு சுற்று நடத்திக் காட்டி, மைக்கை அவர் பக்கம் நீட்டினார். அதிகாரி தயங்கி, மெல்ல "ஹலோ" என்றார்.

"ஹலோ, மை பிரெண்ட்!" என்று துருக்கிக்காரர் கத்தினார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட்டைகளைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் ஒரு கப்பல் கம்பனியின் கணக்குப் பிரிவில் அவருக்கு வேலை கிடைத்தது. நேர்முகம் எப்படி என்று கேட்டேன்.

"மூண்டு பேர் இருந்தவை மிஸ். ஒருத்தரும் பொலிஸ் இல்லை. பிறகென்ன பயம்?"

அதன்பின், புதிதாக வருபவர்களை முதலில் என்னோடு கதைக்க விடுவதில்லை. அவர்களைப் போலவே தடுமாறுகிற ஒருவரோடு விட்டுவிடுவேன். பிழை திருத்த நான் இருக்கிறேன். ஆனால் திருத்துவதற்கு, முதலில் அவர்கள் ஏதாவது பேசியிருக்க வேண்டுமே.