குச்சி மருந்துச் சிவப்பு

என் கணவர் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்கும் வேலை பார்த்தார். மாதக்கணக்கில் இருமல், குரலும் கம்மிவிட்டது. சளி சிவப்பாக வந்ததும் முதலாளி பெரிய டாக்டர் போல, "அது குச்சி மருந்துச் சிவப்புல்லா, கருப்பட்டி தின்னா போயிரும்" என்றார். "அண்ணாச்சியே சொல்லிட்டாவ" என்று இவரும் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு ஆபீஸ் அடைத்திருந்தபோதும் சளி சிவந்தே வந்தது. "மருந்தத் தொட்டே ஒரு வாரம் ஆவுது. இது எந்தச் சிவப்பாம்?" என்று கேட்டுத் திருநெல்வேலிக்கு இழுத்துப் போனேன். நுரையீரல் புற்றுநோய். ஆரம்பம் என்பதால் ஆபரேஷனில் பிழைத்தார்.

இப்போது வீட்டில் யாருக்கு இருமல் நீடித்தாலும், ஊர் வைத்தியம் கேட்காமல் எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போகிறேன்.

போன மாதம் முதலாளிக்கும் இருமல் வந்தது. கருப்பட்டியைத் தொடவில்லை, அன்றைக்கே கார் பிடித்து மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.