பெருங்குடலும் பூட்டிய கழிப்பறையும்

செரிமான மண்டலத்தை இரைப்பை, சிறுகுடல் வரை நடத்தும்போது பிள்ளைகள் ஒழுங்காகக் கேட்பார்கள். ஆசனவாய் என்று பலகையில் எழுதியதும் பையன்கள் குனிந்து சிரிப்பார்கள், பெண்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். பல ஆசிரியர்கள் சிறுகுடலோடு நிறுத்திவிட்டு மிச்சத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்வார்கள். நான் நிறுத்துவதில்லை. சாப்பிடுவது மட்டும் கௌரவம், வெளியே போவது அசிங்கமா?

திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து, அனந்தபுரம் பக்கம் ஒரு கிராமப் பள்ளிக்குப் போய்வருகிறேன். இந்த வருஷம் ஏழாம் வகுப்பில் படத்தை வரைந்து முடித்ததும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"இதுல தொக்கம் எங்க மிஸ் இருக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை. இங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பிள்ளைக்கு வயிறு வலித்தால் உள்ளே சோறோ முடியோ சிக்கியிருக்கிறது, அதுதான் தொக்கம் என்பார்கள். அதை எடுக்க ஆள் இருக்கிறார். இவளுக்கும் தொண்டையை நீவி, ஊதி, வெற்றிலையில் ஏதோ உருண்டையைக் காட்டினாராம். வலி போகவில்லை.

உடம்பில் அப்படி ஒன்று கிடையாது என்றேன்.

"அப்ப ஏன் மிஸ் வலிக்குது?"

இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். வீட்டில் கழிப்பறை இல்லை. விடிந்தால் ஏரிக்கரையில் ஆம்பளைகள் நிற்பார்கள். அதனால் இருட்டிய பிறகுதான் போவாள், அதுவும் துணைக்கு ஆள் இருந்தால். தண்ணீர் பாட்டில் பையில் நிரம்பியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன்.

"குடிச்சா வரும் மிஸ். வந்தா எங்க போறது?"

பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று சற்று முன்னால்தான் எழுதிப்போட்டிருந்தேன். தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் அடக்கினால் இறுகிப்போகும், வலிக்கும். அதற்கு ஊதிப் பார்க்கிறார்கள். அவள் அம்மாவுக்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். தொக்கம் எடுக்குறது இன்னும் பாக்கி இருக்குதாம், அது முடியட்டும் என்றாள் அம்மா.

பள்ளியில் கழிப்பறை இல்லாமல் இல்லை. டைல்ஸ் ஒட்டிய கழிப்பறை. அதிகாரி வரும் நாளில் திறப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், பூட்டிவிடுவார்கள். மற்ற நாளில் சாவி தலைமையாசிரியர் மேஜைக்குள் இருக்கும்.

போய்க் கேட்டேன். "தொறந்து வுட்டா நாறடிச்சிடுவாங்க டீச்சர். நாளைக்கு ஆபீசர் வந்தா நான்தான பதில் சொல்லணும்?" என்றார்.

"நீங்க எங்க சார் போறீங்க?"

அவர் அறைக்குப் பின்னாலேயே அவருக்கு ஒன்று உண்டு. என்னை முறைத்துவிட்டுச் சாவியை மேஜைமேல் போட்டார்.

திறந்து பார்த்தால் குழாயில் தண்ணீர் வரவில்லை. உள்ளே தாழ்ப்பாளும் இல்லை. போட்டோவில் தாழ்ப்பாள் எங்கே தெரியப்போகிறது? கைப்பம்பில் அடித்து நானும் அவளுமாக ஒரு பக்கெட் தூக்கி வந்தோம். அவளை உள்ளே விட்டு, கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பையன்கள் இந்தப் பக்கமாகவே பந்தை அடித்தார்கள். ஒருவனை அதட்டி அனுப்பினேன். மணி அடித்தது. தலைமையாசிரியர் வராந்தாவில் வந்து நின்று என்னையே பார்த்தார். பார்க்கட்டும்.

"மிஸ், இருக்கீங்களா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"இருக்கேன். ஜல்தி பண்ணாத, மெதுவா வா."

வெகுநேரம் கழித்து வேர்த்து வழிய வெளியே வந்தாள். கொஞ்சம்தான் போனதாம், வலி இருக்கிறதாம். பாட்டிலைத் திறந்து நீட்டினேன். வாங்கினாள், குடிக்கவில்லை.

"நாளைக்கும் நிப்பீங்களா மிஸ்?"

நாளைக்கு எனக்கு விழுப்புரத்தில் பயிற்சி வகுப்பு. பள்ளியில் வேறு பெண் ஆசிரியர் இல்லை. அதைச் சொன்னேன். அவள் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தாள்.