பொம்மையாக நின்ற போலீஸ்காரர்

ஐந்தாம் வகுப்போடு ஊரைவிட்டு வந்து, தி.நகரில் மூன்று மாடி ஜவுளிக்கடை கட்டியவன் நான். வெள்ளிதோறும் ராகுகாலத்துக்கு முன்பே ஷோகேஸ் பொம்மைக்கு என் கையால்தான் புதுச்சேலை கட்டுவேன்.

போன ஆடித் தள்ளுபடியில் ஒரு வெள்ளிக்கிழமை, மாம்பழ நிறப் பட்டுச்சேலை ஒன்று காணாமல் போனது. "கஸ்டமர் கேட்டாங்கன்னு பொம்மைக்குக் கட்டிக் காட்டினேன் அண்ணாச்சி" என்றாள் விற்பனைப் பெண் செல்வி. பொம்மைமேல் வேறு சேலை இருந்தது. "நீதான் திருடி!" என்று எல்லார் முன்னாலும் கத்தி, போலீசைக் கூப்பிட்டேன்.

மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் துப்பறிய வந்தார். "இவ கூட்டாளி வருவான் அண்ணாச்சி, மறைஞ்சிருந்து புடிக்கிறேன்" என்று பொம்மைகளுக்கு நடுவே விறைப்பாக நின்றுகொண்டார். ஒரு அம்மா அவர் சட்டையைக் கசக்கிப் பார்த்து, "சாயம் போவுமா?" என்று கடைப் பையனைக் கேட்டார்.

"போவாதும்மா" என்றது பொம்மை.

அந்த அம்மா அலறினார். போலீஸ்காரர் பதறிப்போய்ப் பக்கத்துப் பொம்மையைக் கட்டிக்கொண்டு விழுந்தார். அதன் சேலை அவிழ்ந்தது. உள்ளே மாம்பழ நிறம்! ராகுகால அவசரத்தில், செல்வி கட்டியதை அவிழ்க்காமல் அதன்மேலேயே நான் கட்டியிருக்கிறேன்.

கடையே சிரித்தது. அவர் முழங்கையைத் தேய்த்தபடி, "என்னைப் பாத்து சிரிக்கிறது பரவால்ல அண்ணாச்சி. அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து அழுதுகினு கீது. மொதல்ல அத்த கவனிங்க" என்றார்.

கத்திய இடத்திலேயே நின்று செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்படிக் கேட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பொம்மைக்குச் சேலை கட்டுவது செல்வி. பக்கத்தில் நின்று குண்டூசி எடுத்துக் கொடுப்பது நான்.